கழற்றி வைத்த கம்பி

என் வீட்டுச் சமையலறை வாசலில் திரைச்சீலை தொங்கும் கம்பி வாசலைவிட நீளமானது. ஒரு பக்கம் சுவரோடு நீட்டிக்கொண்டு நிற்கும். வருகிறவர்கள் தலையில் இடித்துக்கொண்டு, ஒரு துண்டை வெட்டிப்போட்டால் என்ன என்று கேட்பார்கள். வெட்ட மாட்டேன். அது திரைச்சீலைக்குச் செய்த கம்பி அல்ல. ஒரு கைத்தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாக் கட்டை துள்ளி வெளியே பாயாமல் இருப்பதற்காகச் செய்த கம்பி. அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்திருந்தால் அக்காவுக்கு இன்றைக்கு இரண்டு கண்களும் இருந்திருக்கும். வருஷங்கள் போனால் ஆத்திரம் ஆறிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. கடுகண்ணாவை ஏற்றத்தில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் சுற்றுலா பஸ்கள் தேநீருக்கு நிறுத்துகிற இடத்தில், ஒரு துணி காட்சிக்கூடம் இருந்தது. நான் படிப்பை முடித்துவிட்டு அங்கே விற்பனை வேலைக்கு நின்றேன். அக்கா அங்கே தறியில் இருந்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நெசவுப் பயிற்சிக்குப் போய், பேக்கரியில் வேலை செய்யும் ஒருவரைக் கட்டிக்கொண்டு கடுகண்ணாவைக்கு வந்தவர். கொஞ்சம் குட்டையான ஆள். தறிப்பலகையில் உட்கார்ந்தால் கால் மிதிக்கு எட்டாது என்று இரண்டு மிதிகளிலும் கட்டை வைத்து அறைந்திருந்தார். வாய் மட்டும் எட்டாத இடமே இல்லை. விற்காமல் கிடக்கும் மஞ்சள் மேசைவிரிப்பைப் பார்த்து, "இத வாங்குற மகராசன் இன்னும் பொறக்கலடி" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெள்ளைக்காரர்களிடம் அதே விரிப்பைப் புகழ்ந்துகொண்டிருப்பேன்.

பஸ் வந்து நின்றால் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு வேலை. அக்கா நெய்து காட்டவேண்டும்; நான் ஒவ்வொரு உறுப்பாகக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கவேண்டும். முதலில் பின்பக்க உருளையைக் காட்டுவேன். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முழுவதும் அதில் சுற்றியிருக்கும். அங்கிருந்து நூல் விழுதுகளுக்குள் நுழைந்து வரும். விழுது என்பது நடுவில் கண் வைத்த நூல் வரிசை. காலால் மிதியை அழுத்தினால் ஒரு வரிசை ஏறும், மற்றது இறங்கும், பாவு இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு வழி திறக்கும். அந்த வழியில்தான் நாடா ஓடும். கைக்கு மேலே தொங்கும் கயிற்றைச் சுண்டினால் போதும், இரு முனையிலும் இரும்பு வைத்த அந்தக் கட்டை, வயிற்றிலுள்ள ஊடை என்ற குறுக்கு நூலை விட்டுக்கொண்டே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடும். பிறகு அச்சு. சீப்பு மாதிரிப் பற்கள் கொண்டது. ஆடும் மரச்சட்டத்தில் மாட்டியிருக்கும். சட்டத்தை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் அச்சு ஊடையை நெருக்கி அடிக்கும். நெய்த துணி முன்னாலுள்ள உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

நான் இப்படி உறுப்பு உறுப்பாக அடுக்கிக்கொண்டே போவது அக்காவுக்குப் பிடிக்காது. அவருடைய கணக்கு வேறு. தறியில் பாதி உறுப்புகள் எதையாவது ஓட்டுவதற்கு, மீதிப் பாதி எதையாவது நிறுத்துவதற்கு என்பார். நிறுத்துகிறவற்றை யாரும் பார்ப்பதில்லை, ஓடுகிறதைத்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வார். நிறுத்துகிறவற்றில் ஒன்றுதான் இந்தக் கம்பி. நெசவு தெரிந்தவர் மட்டும் தொடுகிற தறி என்றால் அக்கா அது வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருகிற பயணிகளில் ஒருவரைப் பலகையில் உட்காரவைத்து, கையில் கயிற்றைக் கொடுத்து, அவரே நெய்கிற மாதிரிப் படம் எடுக்கவிடுவார்கள். அவர்களுக்கு முதலில் மிதி, பிறகு கயிறு என்ற ஒழுங்கு தெரியாது. வழி சரியாகத் திறப்பதற்கு முன்னே கயிற்றை வெடுக்கென்று இழுப்பார்கள். நாடா பாவு நூலில் முட்டும். முட்டினால் சும்மா இருக்காது, துள்ளிப் பாயும். இரண்டு தடவை அப்படிப் பாய்ந்து கூடத்தின் கண்ணாடி அலுமாரி வரைக்கும் போனபிறகு அக்கா தச்சரைக் கூப்பிட்டு, ஆடும் சட்டத்தின் இரு ஓரத்திலும் துளை போடவைத்து, அச்சுக்கு முன்னால் குறுக்கே இந்தக் கம்பியைச் செருகவைத்தார். அதற்குப் பிறகு நாடா துள்ளினாலும் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு அங்கேயே விழுந்துவிடும்.

மெனேஜருக்குத்தான் கம்பியைக் கண்டால் ஆகாது. எப்போதும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பயணிகளின் கெமராவைத் தானே வாங்கி, குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுத்துக் கொடுப்பவர் அவர். துணிக்குக் குறுக்கே கம்பி கறுப்பாக விழுந்து படத்தைக் கெடுக்கிறதாம். அக்கா பலமுறை விளக்கிச் சொன்னார். நானும் சொன்னேன். இதெல்லாம் அழகு தெரியாதவர்களின் பேச்சு என்கிற மாதிரி அவர் சிரித்தார். ஒருநாள் நாங்கள் வேலைக்கு வந்தபோது கம்பி தறியில் இல்லை. விற்பனை மேசைக்குப் பின்னால் இரண்டு ஆணிகளில் கிடந்தது, பட்டுச் சால்வைகள் வரிசையாக அதில் தொங்கின. வீணாக்கவில்லை, பார்த்தீர்களா என்று என்னிடமே பெருமையாகக் கேட்டார். அக்கா வெறும் துளைகளைத் தடவிப் பார்த்தார். அதோடும் மெனேஜர் விடவில்லை. பயணி பலகையில் உட்காரும்போது அக்கா பக்கத்தில் நின்றால் அவரும் படத்தில் விழுகிறார் என்று, தறியின் வலது கோடியில் போய் நிற்கச் சொன்னார். நாடா வந்து சேர்கிற கோடி அது. அங்கே ஓரமாகக் குனிந்து நின்றால் சேலை மட்டும் தெரியும், அழகாக இருக்கும் என்றார்.

விபத்து நடந்த அன்றைக்குப் பலகையில் உட்கார்ந்தவர் வயதான ஒரு வெளிநாட்டு அம்மா. நல்ல மனுஷி. மெதுவாகத்தான் இழுத்துப் பார்த்தார். மெனேஜர் கெமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று உற்சாகப்படுத்தினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பலமாக இழுத்தார். மிதி பாதிதான் இறங்கியிருந்தது. நாடா பறந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன். விழவில்லை, கத்தவும் இல்லை. முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு தரையில் மெல்ல உட்கார்ந்தார். நாடா அவர் மடியில் கிடந்தது. அந்த அம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரிக்கும் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கோபமெல்லாம் அதற்கு அடுத்த நாள் நடந்ததில். கண்டி ஆஸ்பத்திரி வார்ட்டில் அக்கா இடது கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். அந்தக் கண் இனி உதவாது என்று காலையில்தான் டொக்டர் சொல்லியிருந்தார். மெனேஜர் சுற்றுலா நிறுவனத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கையில் அப்பிள் பழப் பையோடு வந்தார். நடந்தது எப்படி என்று அந்த ஆள் அக்காவின் வாயால் கேட்கவேண்டுமாம். முதலிலேயே மெனேஜர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தை விளங்கப்படுத்தினார். அக்கா நிற்கக்கூடாத இடத்தில் நின்றுவிட்டதாக ஒரு சொல் சொன்னால் போதும். பிறகு தறி வேண்டாம், மேசைக்குப் பின்னால் கதிரை போட்டு ஆயுசுக்கும் வேலை தருவார்கள். அதை நான் அக்காவுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். கண் போன மனுஷி தன் கண் போனதற்குத் தானே பழி ஏற்கவேண்டும், அதற்கு நான் தூது. அந்த அப்பிள் பையை அவர் தலையில் கொட்டவேண்டும் போல இருந்தது. அக்காவிடம் நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

மெனேஜரே கட்டிலருகே போய், பிள்ளைக்குச் சொல்வது போல, "நீங்க நின்ன எடம் கொஞ்சம் பிழைதானே?" என்று கேட்டார்.

அக்கா மற்றக் கண்ணை அவர் பக்கம் திருப்பினார். "நிக்கச் சொன்ன எடத்துலதான் நின்னேன்" என்றார்.

அவர் மறுபடியும் வேறு விதமாகக் கேட்டார். அக்கா மறுபடியும் அதையே சொன்னார். குரலை உயர்த்தவில்லை, ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை. எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்டும் அதே பதில்தான். நான் அந்த ஆளிடம் கம்பியைப் பற்றிச் சொன்னேன். அது இப்போது எங்கே தொங்குகிறது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பிள் பையை மட்டும் மறக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா அதைப் பக்கத்துக் கட்டில்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

கவனமில்லாத ஆள் என்று அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கவனம்! அந்தக் கூடத்தில் கவனமாக இருந்த ஒரே ஆள் அவர்தான். புருஷனையும் கூட்டிக்கொண்டு தெல்தோட்டைக்கே திரும்பிப் போனார். நான் வேலையை விட்ட அன்றைக்குச் சால்வைகளை மேசைமேல் குவித்துவிட்டுக் கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். திருட்டு என்று யாராவது சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் கண்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அண்மையில் ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலைகள் தைத்து, அளவு பார்ப்பதற்காகப் போயிருந்தேன். வரவேற்பு மண்டபத்தில் அந்தத் தறி நின்றது. காட்சிக்கூடம் மூடி வெகுகாலம். யார் யார் கை மாறி அங்கே வந்ததோ தெரியாது. வார்னிஷ் அடித்து மினுக்கியிருந்தார்கள். மிதிகளில் அக்கா அறைந்த கட்டைகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை: பாவு, ஊடை, விழுது, மிதி, அச்சு, நாடா என்று ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்ற விளக்கம். ஆடும் சட்டத்தின் இரண்டு துளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. தகப்பன் பலகையில் உட்கார்ந்து கயிற்றை இழுக்கிறார், நாடா ஓடுகிறது. தரையில், வலது கோடியில், இரண்டு பாத அடையாளங்களை ஒட்டி, படத்துக்கு இங்கே நிற்கவும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பாதங்களின் மேல் ஒரு சின்னப் பிள்ளை நின்றது. நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிவிட்டேன். தாய் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்.

அன்றைக்கே அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். தெல்தோட்டைச் சந்தியில் சின்னதாக மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். தறி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. "கம்பி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நாடா ஓடுதா?" ஓடுகிறது என்றேன். நாளைக்கே வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் நான் கம்பியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். அக்கா இறங்கினார். ஒரு பக்கம் தெரியாததால் தலையை முழுவதும் திருப்பித்தான் ஆளைப் பார்க்கிறார்; அந்தத் திருப்பலில் பழைய மிடுக்கு இன்னும் கூடியிருந்தது. ஹோட்டலில் அவர் நேராகத் தறியிடம் போகவில்லை. தரையிலிருந்த பாத அடையாளங்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றின்மேல் ஏறி நின்றார். "இதே எடந்தான்" என்றார். வரவேற்பு மேசையிலிருந்த பையன் ஓடிவந்து, படம் எடுத்துத் தரட்டுமா அன்ட்டி என்று மரியாதையாகக் கேட்டான்.

அக்கா கம்பியை வாங்கி, பார்க்காமலே விரலால் தடவித் துளைகளைக் கண்டுபிடித்துச் செருகினார். இத்தனை வருஷம் என் சமையலறையில் புகை குடித்த கம்பி சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. பையன் பயந்துபோய் மேலதிகாரியைக் கூட்டிவந்தான். கறுப்புக் கோட்டுப் போட்ட இளைஞர். நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். எல்லாவற்றையும் கேட்டார். அக்காவின் கண்ணையும் பார்த்தார். கவலை தெரிவித்தார். பிறகு சொன்னார்: "கோவிச்சுக்க வேணாம் அம்மா, அந்தக் கம்பி படத்துல குறுக்கே விழுது."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குனிந்து நாடாவை வெளியே எடுத்தார். ஊடை நூலை இழுத்து அறுத்தார். நாடாவைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"கம்பி இருந்தா நாடா இருக்கும். கம்பி வேணாம்னா நாடாவும் இல்ல. ஒங்க இஷ்டம்" என்றார்.

அந்த இளைஞர் யோசித்தார், அதை மறைக்கத் தேவையில்லை. தறியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மண்டபத்தில் நின்ற விருந்தினர்களையும் பார்த்தார். பிறகு கம்பியைத் தானே கழற்றி, தூசு தட்டி, தாளில் அழகாகச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

நாடா இப்போது தெல்தோட்டையில், அக்காவின் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பி மறுபடியும் என் சமையலறை வாசலில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. போன கிழமை மிச்சத் திரைச்சீலைகளைக் கொடுக்க அந்த ஹோட்டலுக்குப் போனேன். பலகையில் யாரோ உட்கார்ந்து வெறுங்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள், பாத அடையாளங்களின் மேல் யாரோ சிரித்துக்கொண்டு நின்றார்கள். நாடா இல்லாததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. படம் நன்றாகத்தான் வந்தது.