செவ்வாய்க்கு முந்தைய டேப்புகள்

என் அண்ணன் பத்தொன்பது வருடம் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே அறையில் வேலை பார்த்தார். ஜன்னல் இல்லாத அறை. பரிசோதனைக்கூடத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவே துடைப்பமும் வாளியும் வைக்கக் கட்டிய இடத்தில் ஓர் ஏ.சி.யைப் பொருத்தி, சர்வர் அறை என்று பெயர் வைத்திருந்தார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு அங்கிருந்த டிரைவ் என்ற பதிவுப் பெட்டியில் சோப்புக்கட்டி அளவுள்ள ஒரு டேப்பைப் போடுவார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களில் புதிதாகச் சேர்ந்ததெல்லாம் அதில் நகலாகப் பதிவாகும். பதிந்ததை டிரைவே ஒருமுறை திரும்பப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளும். மறுநாள் காலை அண்ணன் டேப்பை எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துவிட்டு, ரிஜிஸ்டரில் தேதிக்கு எதிரே ‘சரி’ என்று எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தத்தையும் மூன்று டேப்புகளில் பதிய வேண்டும். அதனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே இல்லை.

“எனக்கு முன்னாடியே ஒருத்தியைக் கட்டிக்கிட்டாரு உங்கண்ணன்” என்பார் அண்ணி. “அவளுக்கு ஆறு மணிக்கு டாண்ணு வாயில ஊட்டணும். நான் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன்னு யாராவது கேட்டாங்களா?”

“ஊட்டினதும் அவ வாயை மூடிக்குவா” என்பார் அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் அதே ஆஸ்பத்திரியில், சர்வர் அறைக்கு அடுத்த அறையில் ரிப்போர்ட் டைப் செய்பவள். உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைச் சோதித்து, அது புற்றுநோயா இல்லையா என்று சொல்லும் ரிப்போர்ட்டுகள். டாக்டர் சொல்லச் சொல்ல அடிப்பேன். அச்செடுத்த ஒரு பிரதி நோயாளி கைக்குப் போகும், மற்றது சர்வரில் இருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அந்த ஆள் மறுபடி வரும்போது டாக்டர் முதலில் கேட்பது அந்தப் பழைய ரிப்போர்ட்டைத்தான்.

நர்சுகள் அண்ணனுக்கு வைத்திருந்த பெயர் ‘ரீவைண்ட் சார்’. எதைக் கேட்டாலும் அடியிலிருந்து ஆரம்பிப்பார். “லிஃப்ட் ஏன் சார் நிக்குது?” என்றால் அந்த லிஃப்ட் வாங்கிய வருடத்திலிருந்து தொடங்குவார். கேட்டவர் படியேறிப் போய்விடுவார். இவர் மீதியை என்னிடம் சொல்லி முடிப்பார்.

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தப் பழைய டிரைவ் முனக ஆரம்பித்தது. புதிது கேட்டு அண்ணன் எட்டு மாதம் கடிதம் எழுதினார். ஒரு செவ்வாய்க்கிழமை புதியது வந்தது. பழையதைக் கழற்றி, கழிவுச் சாமான் பட்டியலில் கையெழுத்துப் போட்டு ஸ்டோருக்கு அனுப்பினார். அன்று வீட்டுக்கு வந்து, “சத்தமே இல்ல. ஓடுதா இல்லையான்னு தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கு” என்றார். அவர் அப்படிச் சந்தோஷமாகப் பேசிப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சர்வர் எழும்பவில்லை. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் ஒன்றாகப் போய்விட்டிருந்தன. நான்கு வருட ரிப்போர்ட்டுகள் அதில்தான். அண்ணன் பதறவில்லை. இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருடம் டேப் மாற்றினோம் என்ற மாதிரி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புதிய டிஸ்குகளைப் பொருத்தினார். போன ஞாயிற்றுக்கிழமையின் முதல் டேப்பை உள்ளே தள்ளினார்.

டிரைவ் சுற்றியது, நின்றது, டேப்பை வெளியே துப்பியது. படிக்க முடியவில்லை என்றது திரை.

சுத்தம் செய்யும் டேப்பைப் போட்டு எடுத்தார். மறுபடி துப்பியது. கேபிளை மாற்றினார். டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். முந்தின ஞாயிறு, அதற்கும் முந்தினது, அதற்கும் முந்தினது என்று ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாவற்றையும் அது அதே மாதிரி வெளியே தள்ளியது. ஒரு வெற்று டேப்பைப் போட்டால் அழகாக எழுதி அழகாகப் படித்தது. கம்பெனி இன்ஜினியர் மத்தியானம் வந்து அலமாரியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“ஈரம் சார். டேப் எல்லாமே போச்சு.”

“பதினஞ்சு டேப்பும் ஒரே நாள்லயா?”

“போகணும்னா போகும் சார்.”

“எங்க மாமனார் மாதிரியே பேசுறீங்க” என்றார் அண்ணன். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

இன்ஜினியர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். “ஏய் வாலு, ரிஜிஸ்டரை எடு. தேதியைச் சொல்லிக்கிட்டே வா, நான் டேப்பைப் போடுறேன்.” நான் சொல்லச் சொல்ல, படித்தது எது, படிக்காதது எது என்று ஒரு தாளில் குறித்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தாளை என் பக்கம் திருப்பினார். செவ்வாய்க்கு அப்புறம் எழுதியது எல்லாம் படித்தது. செவ்வாய்க்கு முந்தையது ஒன்றுகூடப் படிக்கவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நிர்வாக அதிகாரியின் அறைக்கு நானும் உடன் போனேன்.

“தினமும் சரின்னு எழுதியிருக்கீங்களே” என்றார் அவர்.

“சரின்னு சொன்னது அந்தப் பழைய டிரைவ் சார். அது எழுதினதை அதுவே படிச்சு, அதுவே சரின்னுச்சு. நான் நம்பிட்டேன்.”

“புரியற மாதிரி சொல்லுங்க. சுருக்கமா.”

“நம்ம எலும்பு டாக்டர் எழுதுற சீட்டை யார் படிப்பா?”

“நம்ம பார்மசிக்காரர்தான்.”

“வெளியில கொண்டு போனா?”

“ஒருத்தனும் படிக்க மாட்டான்.” சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதேதான் சார். அந்த டிரைவுல எழுதுற முனை நாளாக நாளாக சாஞ்சிருக்கு. கோணலா எழுதும், கோணலாவே படிக்கும். அதுக்கு எல்லாம் சரி. புதுசு நேரா படிக்குது, அதுக்கு இதெல்லாம் கிறுக்கல்.”

“இப்ப என்ன பண்றது?”

“அந்தப் பார்மசிக்காரரைத் தேடிப் பிடிக்கணும் சார்.”

ஸ்டோர், பிணவறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஸ்டோர்காரர் அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. “ஒழிஞ்சா போதும்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க, ரீவைண்ட் சார். இப்ப எதுக்குத் தேடுறீங்க?”

“இருக்கா இல்லையா, அதைச் சொல்லுய்யா.”

“இருக்கு. ஆனா டியூட்டியில இருக்கு.”

கால் உடைந்த கட்டில் ஒன்றுக்கு அதை முட்டுக் கொடுத்திருந்தார். மத்தியானத்தில் அவர் தூங்கும் கட்டில். அண்ணன் மண்டியிட்டு, ஸ்டோர்காரரைக் கட்டிலைத் தோளால் தூக்கச் சொல்லி, டிரைவைக் கைக்குழந்தையை எடுப்பது போல எடுத்தார். மேல்தகடு அமுங்கியிருந்தது. அதைத் தட்டி நிமிர்த்தக்கூட அவர் சம்மதிக்கவில்லை. தட்டினால் முனை இன்னும் நகர்ந்துவிடுமாம். நேராகிவிட்டாலும் ஆபத்துதான் என்றார்.

மாட்டியதும் முனகியது. போன ஞாயிற்றின் முதல் டேப்பைப் படிக்க ஆரம்பித்தது. வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற டேப் பகல் முழுக்க ஓடியது. சூடு ஏறும்போது அண்ணன் நிறுத்தி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வியர்த்துப்போய் எதிரே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தை நான் திறந்து வைத்தால் நான் மூடும் வரை அப்படியே இருக்கும். இரண்டாவது டேப் மூன்று நாள். மூன்றாவது டேப் பாதியில் உள்ளே சிக்கியது. ஒரு கருகல் வாசனை. அதற்குப் பிறகு அந்த டிரைவ் எந்த டேப்புக்கும் அசையவில்லை.

முந்நூற்றுப் பதினாறு ரிப்போர்ட்டுகள் வரவில்லை. யார் யாருடையது என்ற பட்டியல் மட்டும் வந்திருந்தது. தேதி, எண், பெயர், டெலிபோன்.

“முக்கால்வாசிக்கு மேல வந்திருச்சே. விட்டுத் தள்ளுங்க” என்றார் நிர்வாக அதிகாரி. அது அவர் தாராளம்தான், அண்ணனைத் திட்டாமல் விட்டார். அண்ணன் பட்டியலை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதுவரை நோயாளி யாரிடமும் அவர் பேசியது கிடையாது. முதல் ஆளிடம் டிரைவ் வாங்கிய வருடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். நான் சீட்டில் எழுதிக் காட்டினேன்: ‘உங்க ரிப்போர்ட் காப்பி இருந்தா கொண்டு வாங்க, தப்பு எங்க மேல.’ அதை மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டார். ஆட்கள் வந்தார்கள். சிலர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் போலக் கொண்டு வந்தார்கள். ஒரு ரிப்போர்ட்டின் பின்பக்கம் பிள்ளைகள் கழித்தல் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒன்று எட்டாக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே போயிருந்தது. அந்த வரியை டாக்டரிடம் கேட்டு நிரப்பினேன். பார்த்துப் பார்த்து நான் மறுபடி அடித்தேன், அண்ணன் உரக்கப் படித்து ஒத்துப்பார்த்தார்.

ஒரு நாள் போனில் ஒருவர், “அவளே போய் நாலு மாசம் ஆச்சு. இன்னும் எதுக்குங்க உங்களுக்கு அந்தக் காகிதம்?” என்று கேட்டார். அண்ணன், “மன்னிச்சிருங்க” என்று வைத்துவிட்டார். அன்று அதற்குப் பிறகு யாருக்கும் போன் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த மனிதரே வந்தார். ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, நான் அடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். “அவ பேர்ல எப்பவும் ஒரு எழுத்து தப்பா போடுவாங்க. நீ சரியா போடும்மா” என்று மட்டும் சொன்னார்.

இரண்டரை மாதம் கழித்து நாற்பத்தொன்று மிச்சம். ஆய்வுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், அந்த வெற்று வரிகளை எடுத்துவிடுங்கள் என்று நிர்வாக அதிகாரி சொன்னார்.

“அந்த ஆளுங்க வந்தாங்க சார். சோதிச்சோம். எடுத்தா வரவே இல்லைன்னு ஆயிடும்.”

“கேட்டா நான் என்னய்யா பதில் சொல்றது?”

“நான் தொலைச்சேன்னு சொல்லுங்க. என் பேரையே எழுதிட்டேன் எதிர்ல.”

எழுதித்தான் இருந்தார். நாற்பத்தொரு இடத்திலும்.

வீட்டில் அண்ணி அப்போதெல்லாம் எதுவும் கிண்டல் செய்யவில்லை. ஒரு மாலை என்னிடம் மட்டும், “தூக்கத்துல டெலிபோன் நம்பர் சொல்றாரு” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அண்ணன் ஒரு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு கல்லூரிக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் கூடத்தில் இதே மாதிரி டிரைவ் ஒன்று இருந்தது. நம் டிரைவ் எழுதியதை வேறொரு டிரைவ் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று தனி டேப். நோயாளி விவரம் எதுவும் அதில் இருக்காது. ஆஸ்பத்திரி டெலிபோன் பட்டியலும் அந்த மாத டியூட்டிப் பட்டியலும் மட்டும். யாரும் போகச் சொல்லவில்லை. பஸ் பாஸ்கூடக் கொடுக்கவில்லை. எட்டு வருடத்தில் இரண்டே முறைதான் தவறியது, இரண்டும் காய்ச்சல்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே குளியலறை வாசலில் உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனோம். லிஃப்ட் ஓடியது. பிரயோஜனம் இல்லை.

இந்த மாத முதல் சனிக்கிழமை நாங்கள் அவர் பையை எடுத்து வைக்கும்போது அந்த டேப் உள்ளே இருந்தது. மேலே தேதி ஒட்டித் தயாராக வைத்திருந்தார். அண்ணி பார்த்துவிட்டு, “இதை யார்கிட்ட குடுக்கணும்?” என்றார். எனக்கும் தெரியவில்லை. பஸ் ஏறினேன்.

கல்லூரிக் கூடத்தில் ஏ.சி. குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “சார் வரலையா?” என்றார். சொன்னேன். டேப்பை வாங்கினார். “வந்தா ஒரு மணி நேரம் கதை சொல்லுவாரும்மா. பாதி எனக்குப் புரியாது. உக்காருங்க.”

டிரைவ் சத்தமில்லாமல் சுற்றியது. அது வெளியே தள்ளிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையில் டெலிபோன் பட்டியல் வந்தது. பிறகு டியூட்டிப் பட்டியல். மாலை ஆறு மணி வரிசையில் இந்த மாதம் முப்பது நாளுக்கும் ஒரே பெயர் போட்டிருந்தது.

“படிக்குதும்மா. ஒரு பிழைகூட இல்ல” என்றார் அவர். டேப்பை எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தார். “அடுத்த மாசம் யார் வருவாங்க?”

“இன்னும் யாரையும் போடலைங்க” என்றேன். “அதுவரைக்கும் நான் வரேன்.”