துவைத்தாலும் போகாத சிவப்பு

செல்லூரில் சாயப்பட்டறை நடத்திய சுப்பராமனின் ஒரே மகள் நாகலக்ஷ்மி. எண்பத்தாறில் பி.எஸ்ஸி. முடித்தவள், சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் பேர்போன சென்னைக் கல்லூரி ஒன்றில் சேர ஆசைப்பட்டாள்.

“அங்க என்னம்மா சொல்லித் தருவாக?” என்றார் அப்பா.

“பட்டறைக் கழிவால கிணத்துத் தண்ணி கெடாம எப்படித் தடுக்குறதுன்னுதான்ப்பா.”

அவர் முகம் சுருங்கியது. “நான் வெளிய விடுற தண்ணிய நீயே குத்தம் சொல்லவா? இங்கேயே கெமிஸ்ட்ரி படி. பட்டறைக்கு ஆகும்.”

தனியாக ரயிலேற நாகலக்ஷ்மிக்குத் துணிவில்லை. உள்ளூரிலேயே எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தாள்.

பிறகு, துவைத்தாலும் போகாத சிவப்பை அவள்தான் கலக்கிக் கொடுத்தாள். ஆர்டர்கள் குவிந்தன. “எம் பொண்ணு படிச்சது வீண் போகல” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார். கிணற்றுத் தண்ணீர் சிவந்துபோனதால், பட்டறை வாசலில் தெருப்பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் நாகலக்ஷ்மி வாசல் பக்கம் வருவதேயில்லை.