ஞாயிறு காலை பத்தே காலுக்கு இறங்கிய கால்குலேட்டர்

ஆம்பூருக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனான என்னிடம் எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான்: ஃபார்மட். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அந்தக் கெட்ட பழக்கத்தை விட வைத்தவர் கிரேஸ்.

ஒரு ஷூ கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்புவது அவர் வேலை. நெட் இருந்ததும் அவர் மெஷினில் மட்டும்தான். ஒரு திங்கட்கிழமை காலை அவசரமாகக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், பிரவுசரைத் திறந்ததும் ஏதோ கண்றாவி சைட் வந்து நிற்கிறது. மூடினால் இன்னும் மூன்று. கிரேஸ் அழுது முடித்து, சுவரைப் பார்த்து நின்றார்.

மேனேஜர் கத்தினார்: "ஒரே பேஜாரா இருக்குபா. இந்தம்மா இன்னாத்த பாத்துச்சோ! ஃபார்மட் பண்ணு. நாளைலருந்து இந்தம்மா பேக்கிங்குக்குப் போவட்டும்."

நான் விண்டோஸ் சிடியை எடுத்தேன். கிரேஸ் என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, அழிச்சிட்டீங்கன்னா நான்தான் பாத்தேன்னு ஆயிடும். வீட்ல, சர்ச்ல எப்படி தலை காட்டுவேன்? எப்படி வந்துச்சுன்னு பாருங்கண்ணா."

எனக்குச் சுருக்கென்றது. சிடியைப் பைக்குள் போட்டேன்.

ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெயர் தெரியாத ஒன்று ஓடியது. நிறுத்தினால் மறுபடி முளைத்தது, சனியன்! நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஏற்றினேன். அது எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தெரிந்தது. போய்த் தேதியைப் பார்த்தேன். முந்தின நாள், ஞாயிறு, காலை 10.15. அதே நிமிடத்தில் இன்னொன்றும் இறங்கியிருந்தது. சதுர அடியைச் சதுர டெசிமீட்டராக மாற்றும் இலவச கால்குலேட்டர்.

நாம் தோலை அடியில் அளக்கிறோம், ஐரோப்பிய பையர் டெசிமீட்டரில் கேட்கிறார். அந்தக் கணக்கு இங்கே பலருக்கும் தலைவலி. ஓசி கால்குலேட்டரோடு இந்தப் பிசாசும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"நேத்து பத்தே காலுக்கு இங்க யாருங்க இருந்தது?"

"நான் சர்ச்ல இருந்தேண்ணா. ஷிப்மென்ட் இருந்தா மதியத்துக்கு மேலதான் வருவேன்," என்றார் கிரேஸ்.

மேனேஜர் ஸ்கிரீனை உற்றுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"யா அல்லா! இந்த கால்குலேட்டர நான்தான்பா இறக்குனேன். அது கேட்டதுக்கெல்லாம் எஸ், எஸ்னு அமுக்கிட்டேன்."

மனுஷன் மழுப்பவில்லை. செக்‌ஷன் முழுவதையும் கூப்பிட்டு, "தப்பு என்னுது. மன்னிச்சிடும்மா," என்றார், எல்லோர் எதிரிலும்.

கிரேஸ் கண்ணைத் துடைத்தார். "என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார். அடியை ஒம்போது புள்ளி ரெண்டு ஒம்போதால பெருக்கணும்."

செக்‌ஷனே சிரித்தது. மேனேஜரும்தான்.

இரண்டையும் அழித்து, ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து பிரவுசரைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம் வந்தது. கிரேஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்து பையருக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எதையும் அழிக்கும் முன் அது இறங்கிய தேதியையும் நேரத்தையும் ஒரு பேப்பரில் எழுதிவிடுங்கள். அன்று சோம்பல்பட்டு சிடியைப் போட்டிருந்தால், அந்தப் பிசாசைத் துரத்தியிருப்பேன். ஆனால் அந்தத் தேதியும் அழிந்து, கிரேஸ் பேக்கிங்கில் தலைகுனிந்து நின்றிருப்பார்.