மகளுக்காகப் பிணமாகப் படுத்த மதியங்கள்

என் மகளுக்கு, இறந்தவர் உடலைத் துடைத்துப் பழக ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் நான்தான் இருந்தேன்.

பி.இ. முடித்து ஐ.டி. கம்பெனியில் இருந்தவள், அதை விட்டுவிட்டு நர்சிங் படிக்க வெளிநாடு போனாள். ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவர்களுக்கு அங்கே படிப்பைப் பாதியாகச் சுருக்கிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு மெதுவாக வந்து சேருகிற வார்டும் சாவும் அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டன. முதல் பிரேதத்தின் பக்கத்தில் ஏதோ தப்புச் செய்து, கை ஓடாமல் நின்றுவிட்டாளாம். என்ன தப்பு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்திருக்கும் இந்த விடுமுறை முடிந்து போனதும் திரும்பச் செய்துகாட்ட வேண்டும். அதிலும் தவறினால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

"தலையணைய வெச்சுப் பழகேன்டி."

"தலையணையப் பாத்தா பயம் வரலம்மா. பயத்தோட பண்ணத் தெரியணும்."

சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தேன். வாய் திறக்காமலிருக்க மோவாய்க்கடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள். இறந்தவரிடமும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அவர்கள் பாடம். "அம்மா, இப்போ உங்க முகத்தத் துடைக்கப் போறேன்" என்றாள். என்னை அவள் 'உங்க' என்று சொன்னதே இல்லை.

பொழிச்சலூரில் எங்கள் மொட்டை மாடியை உரசுவதுபோல விமானம் போகும். அந்தச் சத்தத்தில் அவள் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. ஈரத்துணி மட்டும் கையில், மார்பில், காலில் இறங்கிக்கொண்டே போனது. சத்தம் அடங்கியபோது காலை அசைக்கப் பார்த்தேன். முடியவில்லை. கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"என்னடி இது?"

தன் கைகளையே பார்த்தாள். "அன்னிக்கும் இதாம்மா ஆச்சு. அங்க யாரும் விரலக் கட்ட மாட்டாங்க. ஏன் கட்டினன்னு கேட்டாங்க. கட்டினதே எனக்குத் தெரியலம்மா."

அவள் அப்பா போனபோது கால்மாட்டில் நின்றிருந்தவள் அவள்தான். கட்டியவர்களுக்கு வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொடுத்ததும் அவள்தான்.

மறுநாளும் கட்டினாள். அன்று மோட்டார் போடச் சொல்ல வந்த கீழ்வீட்டுப் பெண் வாசலிலேயே, "ஐயோ அக்கா!" என்று அலறினாள். நான் எழுந்து உட்கார்ந்ததும் இன்னும் பலமாக அலறினாள்.

"பிராக்டிஸ் ஆன்ட்டி," என்றாள் மகள்.

"இன்னா பிராக்டிஸு? சாவுக்குக்கூடவா டியூசன்? எனக்கே உசுரு பூட்ச்சு! அவுத்து வுடும்மா மொதல்ல, உக்காந்துகினு கீறவங்க காலப் போய் கட்டி வெச்சுகினு!"

அவள் சொன்ன பிறகுதான் மகள் குனிந்து என் காலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் சீட்டு கிழிந்துவிடும் என்று எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டுத்தானே பண்ற? கட்டலங்கறதையும் சொல்லிடு," என்றேன்.

அவள் திரும்பிப் போகும் முன் கடைசியாக ஒரு மதியம். முகம், கை, மார்பு, பாதம். அவள் கைகள் என் பாதத்தில் நின்றன. விமானம் எதுவும் வரவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்.

"அம்மா, உங்க காலை அப்படியே விட்டுடறேன். கட்டப் போறதில்ல."

சொன்னபடியே கட்டாமல், போர்வையை இழுத்து முகம்வரை மூடினாள். "பாத்தியாம்மா, கட்டல!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். நான் உடனே எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள் என் கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் சேர்க்கவில்லை. பிரிப்பதற்குக் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டியிருந்தது.

பாஸாகிவிட்டாள். அங்கேயே வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்களாம். விரல்கள் ஒட்டிக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை. இப்போதெல்லாம் கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.