அண்ணன் கொண்டுவந்த பட்டு

அஸ்வினியும் ராம்கியும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர்களோடு இரண்டு துணிப்பைகளும், ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் வந்தன. துணிப்பைகளைவிடக் கவர்தான் கனமாக இருந்தது.

அஸ்வினிக்கு எட்டு வயது. இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருப்பாள். ராம்கி அவள் கூடப்பிறந்த தம்பி, நாலு வயது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அவன் குறை ரத்தத்தில் இருந்தது. சில மாத்திரைகளும் சில பயறு வகைகளும் அவனுக்கு ஆகாது. எல்லாவற்றையும்விடப் பீரோவில் துணிக்கு நடுவே போடுகிற பாச்சை உருண்டை ஆகவே ஆகாது. அதைத் தின்ன வேண்டியதில்லை, அது கிடந்த துணியைப் போர்த்தினாலே உடம்புக்குள் ரத்தம் உடைந்துவிடும் என்று டாக்டர் எங்களுக்கு இரண்டு தடவை சொன்னார்.

அன்றைக்கே பீரோவிலும் பாத்ரூமிலும் கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி எறிந்தேன். வீட்டிலிருந்த துணி அத்தனையையும் துவைத்து மொட்டை மாடியில் மூன்று நாள் காயப்போட்டேன். என் வீட்டுக்காரர் காசிமாயன் எங்கள் வில்லாபுரத்திலேயே பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறவர். மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "தெருவுக்கே சேத்துத் துவைக்கிறியா?" என்று சிரித்தார்.

கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்து வந்த பிள்ளைகள். அவர்கள் எங்கள் பிள்ளைகள் என்று ஆர்டர் இன்னும் வரவில்லை. அதுவரை தத்து மையத்திலிருந்து ஷெரின் மேடம் மாதம் ஒரு முறை வந்து பார்ப்பார். சரியாக வளர்க்கவில்லை என்று அவர் எழுதினால் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். அவர் வரும் நாளில் விடியும் முன்பே எழுந்து, துடைத்த தரையையே மறுபடியும் துடைப்பேன்.

ராம்கி எதைக் கண்டாலும், "இது எனக்கு ஆகுமா?" என்று கேட்பான். முறுக்கைக் கேட்பான், பவுடர் டப்பாவைக் கேட்பான். ஒரு நாள் வீட்டுக்காரரின் மீசையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"ஆகும்டா. ஆனா இருபது வருசம் பொறுக்கணும்" என்றார் அவர்.

ஆனால் கேட்டுவிட்டு அவன் எங்களைப் பார்க்க மாட்டான். அக்காவைப் பார்ப்பான். அவள் தலையாட்டினால்தான் வாயில் வைப்பான். முன்பு இருந்த இல்லத்தில் அவனைக் காப்பாற்றி வந்தவள் அவள்தான். மூன்றாம் மாதம் ஒரு நாள், கேழ்வரகுப் புட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான். ஆகும் என்றேன். உடனே தின்றான். அன்று எனக்கு அடுப்படியில் வேலையே ஓடவில்லை.

எனக்கு இருந்த ஒரே குறை அண்ணன். பேயாண்டி அண்ணன் வாடிப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர்தான். தத்து எடுக்கப் போகிறோம் என்று சொன்ன அன்று, "எம் பயல்ல ஒருத்தனக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? ஊரு பேரு தெரியாததுக, அதுவும் சீக்கோட. இதுகளுக்கு நான் தாய்மாமனாக்கும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர், நாலு மாதமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ராம்கிக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் காது குத்த மாட்டார்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊர் ஒத்துக்கொள்வது அந்த மடியில்தான். வீட்டுக்காரர் போய் அழைத்துவிட்டு வந்தார்.

"வாரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. மோட்டாரப் போட்டுட்டு வரப்புல போய் நின்டுகிட்டாரு."

குலசாமி கோயிலில் மொட்டை போட்டு முடித்தபோதும் அண்ணன் வரவில்லை. காது குத்த வந்த ஆசாரி, மாமன் எங்கே என்று இரண்டு முறை கேட்டார். பந்தலில் யாரோ, "மடிக்கு ஆளில்லையாம்ல" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதுதான் அண்ணனும் மதினியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அண்ணன் நேராக என்னிடம் வந்து ஒரு பையை நீட்டினார்.

"ஏத்தா, அம்மா பட்டு. உனக்குன்னுதேன் கெடந்துச்சு."

எங்கள் அம்மாவின் கல்யாணச் சேலை அது. என் அக்காவின் பிள்ளைகள் மூன்று பேரும், அண்ணன் மடியில் அதை விரித்து அதன் மேல் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டார்கள். எனக்குப் பிறக்கும் பிள்ளைக்காக மதினி பதினேழு வருடமாக அதை எடுத்து வைத்திருந்தாள். அதை அவர் ராம்கிக்குக் கொண்டுவந்திருந்தார்.

பையைத் திறந்ததும் வாசனை அடித்தது. பாச்சை உருண்டை வாசனை. கொஞ்சமாக இல்லை, மூக்கு எரியும் அளவுக்கு.

வீட்டுக்காரர் சமையல் பக்கம் நின்றிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணே, இது அவனுக்கு ஆகாது' என்ற நாலு வார்த்தை. நாலு பேர் முன்னால் எனக்கு எப்போதுமே வாய் வராது. ஆனால் அன்று வாய் வராததால் மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. சொன்னால் அண்ணன் எழுந்து போய்விடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம்தானே, வீட்டுக்குப் போனதும் குளிப்பாட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அஸ்வினி என் முந்தானையை இழுத்தாள். "ஆன்ட்டி, இதுல அந்த வாசம் வருது."

நான் உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று காட்டினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் மடியில் பட்டை விரித்தார். ராம்கி உட்காரப் பயந்துகொண்டு, அதைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்துக் கேட்டான். "இது எனக்கு ஆகுமா?"

"ஆகும்" என்றேன்.

காது குத்தியதும் அலறினான். அண்ணன் அவனைப் பட்டோடு சுருட்டி அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "எஞ் சிங்கம்ல, எங்க மருமகப்பிள்ளைல" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் அழுதேன். அந்தத் தோளிலேயே பட்டுக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனான். இரண்டு மணி நேரம். எழுப்பி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் குளிப்பாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை அவனுக்கு ஒண்ணுக்கு டிக்காஷன் நிறத்தில் போனது. கண் மஞ்சளாக இருந்தது. ஆட்டோவிலேயே தலை தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "என்ன குடுத்தீங்க? மாத்திரை, பயறு, பாச்சை உருண்டை எதாச்சும்?"

"எங்க வீட்ல அது ஒண்ணுகூடக் கிடையாது சார். இவ அம்புட்டு கவனமா இருப்பா" என்றார் வீட்டுக்காரர்.

நான் தரையைப் பார்த்தேன். அஸ்வினி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்று உள்ளே கொண்டு போனார்கள். போனில் சேதி போனதும் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிய அண்ணன், விவரம் கேட்டதும் அப்படியே சுவரில் சாய்ந்தார்.

"பாச்சா உருண்டையா? நாந்தேன் சார். எங்க பீரோப் பட்டு. அதுலதேன் பிள்ளையச் சுருட்டி வச்சிருந்தேன்" என்று டாக்டரிடம் அவராகவே சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கன்னத்தில் மாறி மாறி அடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் கையைப் பிடித்தார்.

"மச்சான், உங்களுக்குத் தெரியாதுல்ல. விடுங்க."

"தெரியாதுன்னா? நாலு மாசமா வந்து என்ன ஏதுன்னு கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்ல மாப்ள?"

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை ஷெரின் மேடம் வந்தார். உறவினர் தெரியாமல் செய்தது என்று எழுதிக்கொண்டு, "உங்க மேல தப்பில்லம்மா, மனச விட்டுராதீங்க" என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் ராம்கி வீட்டுக்கு வந்தான். பத்து நாளில் பழையபடி ஓடினான். ஆனால் அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். மதினி போனில், "பீரோவத் தூக்கி வெளிய போட்டுட்டாரு. பிள்ளையத் தொட்ட கையின்னு சோத்தையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். அஸ்வினி வீட்டுக்காரரோடு பேசும்போது மெஷினோடு இருப்பாள். நான் கூப்பிட்டால் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாள். சண்டை போடவில்லை, முறைக்கவும் இல்லை. கழற்றி வைத்துவிடுவாள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து, "மச்சான்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் கூட வர மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அஸ்வினியை அழைத்துக்கொண்டு வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் கிணற்றடியில் குழாய்க்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, அந்த வாசன எனக்கு அப்பவே தெரியும். பையத் தொறக்கும்போதே தெரியும். இந்தப் பிள்ளையும் சொல்லுச்சு. நான்தான் வாயப் பொத்துனேன்."

அவர் கை நின்றது. "என்ன சொல்ற?"

மறுபடியும் சொன்னேன்.

"இம்புட்டு நாளு நாந்தேன் கொல்லப் பாத்தேன்னு கெடந்து சாகுறேன், நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு பயந்துட்டேன்ணே."

அவர் கையிலிருந்த ரப்பரைக் கீழே போட்டார். "போயிருப்பேன்தேன்" என்றார். "போனா என்ன? மறுநா வந்திருப்பேன். செத்தவன் வருவானா?"

பிறகு என்னை விட்டுவிட்டு அஸ்வினியிடம் திரும்பினார். அவள் காதில் மெஷின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார். "நீதேன் கண்டுபிடிச்சியாத்தா?"

"ம்."

"அடுத்த தடவ கத்து. மாமன் இருந்தாலும் கத்து, சாமி இருந்தாலும் கத்து."

"ஆன்ட்டி திட்டுவாங்க."

"திட்டுனா எனக்குப் போன் போடு. நம்பரு எழுதித் தாரேன்."

அண்ணன் எங்களை பஸ் ஏற்றிவிட வந்தார். வழியெல்லாம் அவளிடமே பேசினார். கொய்யா பறித்துக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. ராம்கியைப் பார்க்க மட்டும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். வாசலில் கைகாலைக் கழுவி, எங்கள் வீட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அவனைத் தூக்குகிறார்.

பஸ்ஸில் அஸ்வினி கொய்யாவைத் தின்று முடித்துவிட்டுக் கேட்டாள். "ஷெரின் மேடத்துக்கிட்ட?"

அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். இல்லத்தில் அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள்.

"சொல்லணுமா?" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "மாமாகிட்ட மட்டும் சொன்னா பாதிதான" என்றாள்.

புதன்கிழமை ஷெரின் மேடம் வந்தார். ராம்கியின் எடை பார்த்தார், சீட்டுகளைப் பார்த்தார், எழுதிக்கொண்டே, "வேற எதுவும் சொல்லணுமாம்மா?" என்று வழக்கம்போலக் கேட்டார். நான் சொன்னேன். வாசனையைச் சொன்னேன், விரலைச் சொன்னேன், 'ஆகும்' என்றதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, முன்பு எழுதியிருந்த தாளைப் புரட்டி எடுத்தார்.

"அஸ்வினி, நீ கொஞ்சம் உள்ள போய் இரும்மா" என்றார்.

அஸ்வினி போகவில்லை. மெஷினைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இல்ல மேடம், நானும் இருந்தேன். மிச்சத்த நான் சொல்றேன்."