நான்காவது வட்டம்

படித்துறையை விட்டு மேலேறிச் சித்தப்பாவும் நானும் மாம்பழச்சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். என் துணிப்பை அவர் தோளில் தொங்கியது. சித்தியும் தம்பியும் ஆட்டோவில் போய்விட்டார்கள். ஆட்டோவில் இடம் இருந்தது. சித்தி ஓரமாக உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான், பக்கத்தில் என்னளவு பையன்கள் இரண்டு பேர் உட்காரலாம். ஆனாலும் சித்தப்பா, “நாம நடந்து போவோம், வா” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. பின்னாளில் ஊர் ஊராகப் போனேன். திருப்பூரில் துணி மடித்தேன், கொச்சியில் மீன்பெட்டி சுமந்தேன், வடக்கே ஓர் ஊரில் அருங்காட்சியகத்துக்குத் தரைக்கல் பதிக்கும் கூட்டத்தில் இருந்தேன். எங்கும் யாரையும் பார்த்து அப்படிப் பொறாமைப்பட்டதில்லை. அந்த ஆட்டோ திரும்பிய மூலையை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.

விஷயம் இதுதான். அப்பா லாரியோடு போய்த் திரும்பி வராமல் மூன்று வருடம் ஆகியிருந்தது. தொட்டியத்தில் அம்மா வாழைத்தோட்டங்களில் கூலிக்குப் போனாள். சித்திக்குப் பிள்ளை இல்லை. சித்தப்பா பொன்மலையில் ரயில்வேயில் வரைபடம் போடுகிறவர், தில்லை நகரில் வீடு. எங்களில் ஒருவனைத் தங்களோடு வைத்துப் படிக்க வைப்பார்கள் என்ற பேச்சு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களிடம் மட்டும், காலாண்டு லீவுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று சொன்னார்கள். அந்த ஒருவன் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருகிறவன் நான். தம்பிக்கு ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் தெரியாது.

கிளம்பும்போதே ஒரு எரிச்சல் இருந்தது. தம்பிக்கு அம்மா நான்கு சட்டை, மூன்று டவுசர், மழைக்காலத்துக் குல்லா எல்லாம் எடுத்து வைத்தாள். எனக்குப் போட்டிருந்தது போக ஒரு சட்டை. அவனுக்கு மட்டும் ஏன் இத்தனை என்று கேட்டேன். “சின்னவன்டா, அழுக்காக்குவான்” என்றாள். சொல்லிவிட்டு அந்தக் குல்லாவை எடுத்து மறுபடி மடித்தாள்.

திருச்சிக்கு வந்த மறுநாள் சித்தப்பா ஒரு தாளோடு காலைச் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் எதையும் வரைந்துதான் யோசிப்பார். அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள். முதல் வட்டத்தில் ஸ்ரீரங்கம் கோவிலுக்குள் இருக்கும் அருங்காட்சியகம். அதற்குள் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அம்புக்குறிகள். இரண்டாவது வட்டம் சாப்பாடு. மூன்றாவது காவிரியில் பரிசல். அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது, மடிப்பில் மறைந்திருந்தது. விளக்கிச் சொல்ல ஆள் வைத்தால் அவர்கள் இஷ்டத்துக்குக் கதை விடுவார்கள், நம் கண் நமக்குப் போதும் என்பது அவர் கொள்கை. நீங்களே பார்த்துக்கொண்டு போங்கள், பரிசலில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்பேன் என்றார்.

தேர்வு என்று எனக்குப் புரிந்துவிட்டது. தேர்வு என்றால் எனக்குப் பயமில்லை. ஆனால் அந்தத் தாளை அவர் தம்பி கையில் கொடுத்தார். அதில் ஓர் எழுத்தைக்கூட அவனால் ஒழுங்காகப் படிக்க முடியாது. வாங்கியதும் ஒரு மூலையை வாயில் வைத்தான். என் பையைச் சித்தப்பா தோளில் மாட்டிக்கொண்டார். ஆற்றில் நனைந்தால் மாற்றிக்கொள்ள என்றார்.

அருங்காட்சியகத்தில் நான் ஓடவில்லை, உழைத்தேன். செப்பேட்டுக்குக் கீழே தமிழில் எழுதியிருந்ததை மூன்று முறை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். வாள்கள் எத்தனை, அவற்றில் பிடி உடைந்தது எது, நாணயங்களில் வட்டமில்லாதது எது, தந்தத்தில் செதுக்கிய ராணியின் எந்தக் கை மேலே இருக்கிறது என்று எல்லாவற்றையும் வரிசையாக மனசில் அடுக்கினேன். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்த இடங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு பெட்டியை முடித்துவிட்டு இன்னொரு பெட்டிக்குப் போகும்போது, நான் படிப்பதைச் சித்தி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பேன். அவள் பார்க்கவில்லை.

தம்பி தந்தத்தில் செய்த ராஜா ராணியின் முன்னால் நின்றவன் நின்றவன்தான். மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, அது மங்கலாகி, அதைக் கையால் துடைத்து, மறுபடி அழுத்தினான். பிறகு சித்தியிடம், “இவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவாங்களா?” என்று கேட்டான்.

சித்தி சிரித்தாள். சித்தப்பாவைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்ல வைத்தாள். அவரும் சிரித்தார். அங்கே உட்கார்ந்திருந்த காவலாளிகூடச் சிரித்து, “போவாங்க தம்பி, ஆறு மணிக்கு நாங்க பூட்டுனதும் போவாங்க” என்றார். நான் அவர்கள் பக்கத்தில் போய், செப்பேட்டை எந்த ராஜா கொடுத்தார் என்பதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். சித்தி “அப்படியா” என்று சொல்லிவிட்டுத் தம்பியின் மூக்கைத் துடைத்தாள்.

சாப்பாடு ஆற்றங்கரை மரத்தடியில். வீட்டிலிருந்து கட்டிவந்த புளியோதரையும் தயிர்சாதமும். தம்பிக்குச் சித்தி பிசைந்து ஊட்டினாள். வீட்டில் அவன் தானாகத்தான் சாப்பிடுவான் என்று நான் சொன்னேன். “இன்னிக்கு ஒரு நாள்தானே” என்றாள். எனக்கு இரண்டு வடை வைத்தாள், அவனுக்கு ஒன்று. ஆனால் அந்த ஒன்றை அவள் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள்.

பரிசல்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், வாயெல்லாம் வெற்றிலை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது, ஆனால் வேகமில்லை. அவர் ஆட்களை எடை பார்த்து உட்கார வைத்தார். கனமான சித்தப்பாவை ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் சித்தியையும் அவள் மடியில் தம்பியையும். பிறகு என்னைப் பார்த்து, “நீ நடுவுல உக்காரு தம்பி. எந்தப் பக்கமும் சாயாத” என்றார்.

நடுவில் உட்கார்ந்து கேள்விக்காகக் காத்திருந்தேன். கரையிலிருந்து கொஞ்ச தூரம் வந்ததும் சித்தப்பா தொண்டையைச் செருமினார். முதல் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, “ராஜா!” என்றான். முதல் பெட்டியில் இருந்தவை நாணயங்கள். ராஜா ராணி ஐந்தாவது பெட்டி. ஆனால் சித்தி கை தட்டினாள், சித்தப்பா “ஆமா, ராஜாதான்” என்றார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சித்தி வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். முந்தைய நாள் நாங்கள் உள்ளே நுழையும் முன் இரண்டு முறை கால் கழுவ வைத்தாள், சோபாவில் துண்டு விரித்த பிறகுதான் உட்காரச் சொன்னாள். தம்பிக்கு ராட்டினம் என்றாலே வயிறு புரளும். அன்று அவன் வயிறு நிறையத் தயிர்சாதம். சித்தி கட்டியிருந்தது வெளிர் மஞ்சள் சேலை.

பரிசல்காரரிடம், “அண்ணே, சுத்தி விடுங்க” என்றேன்.

“சுத்தவா? தாங்குவீங்களா எல்லாரும்?”

சித்தப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பரிசல்காரர் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டு இழுத்தார். மலைக்கோட்டை ஒரு முறை போனது, மறுபடி வந்தது, பிறகு போவதும் வருவதும் தெரியாமல் எல்லாம் ஒரே கோடாக ஆனது. நான் ஆற்றங்கரையில் வளர்ந்தவன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகம் வெளுத்தது. கண் செருகியது. பிறகு நான் நினைத்தபடியே, மஞ்சள் சேலை முழுக்க.

இப்போது கத்துவாள் என்று காத்திருந்தேன். சித்தி கத்தவில்லை. ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி அவன் வாயைத் துடைத்தாள். அதே சேலையின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல” என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்து ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். பரிசல்காரர் என்னைப் பார்த்து, “திருப்தியா?” என்றார். அவர் மட்டும்தான் கண்டுபிடித்தார்.

சித்தப்பா இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறந்தார். சித்தி உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவா. பையன் தூங்கறான்.”

அதன் பிறகு யாரும் பேசவில்லை. பரிசல்காரர்கூடத் துடுப்பைச் சத்தமில்லாமல் போட்டார். செப்பேடு, வாள், நாணயம், ராணியின் இடது கை எல்லாம் என் வாய்க்குள் இருந்தன. தம்பி கையிலிருந்து நழுவிய வரைபடம் பரிசலின் அடியில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது. யாரும் பார்க்காதபோது எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவனுக்குக் கொடுத்ததில் அது ஒன்றாவது என்னிடம் வரட்டும் என்று.

இனி, ஆட்டோவுக்குப் பிறகு நாங்கள் நடந்த இடத்துக்கு வருகிறேன். மாம்பழச்சாலையில் டவுன் பஸ் ஏறினோம். பாலத்தில் போகும்போது கீழே எங்கள் பரிசல் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பஸ் தில்லை நகருக்குப் போகும் என்று நினைத்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் சித்தப்பா இறங்கச் சொன்னார். தொட்டியம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை என் மடியில் வைத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் அழவில்லை. அழுதால் தம்பிக்குச் சமமாகிவிடுவேன் என்று இருந்தது.

சித்தப்பா ஒரு பொட்டலம் வாழைக்காய் வறுவல் வாங்கிக் கொடுத்தார், வாழை விளைகிற ஊருக்குப் போகிறவனுக்கு. கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொன்னார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, என்ன பேசுவது என்று தெரியாதவர் போல, “அந்தச் செப்பேடு, அது யாரு குடுத்தது? ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

“தெரியாது” என்றேன்.

“பரவால்ல” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ் கிளம்பும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

முசிறி தாண்டிய பிறகு வரைபடத்தை எடுத்துப் பிரித்தேன். மை கொஞ்சம் கசிந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. மடிப்புக்குக் கீழே நான்காவது வட்டம். அதற்குள் அவருடைய அளவான எழுத்தில், ‘சத்திரம். 5.10 தொட்டியம் பஸ். பெரியவன்.’

இதை அவர் எப்போது எழுதினார் என்று வெகுநேரம் யோசித்தேன். கரை ஏறி நான் கால் கழுவிக்கொண்டிருந்தபோது எழுதியிருப்பார் என்று முடிவு செய்தேன். பரிசலைச் சுற்றச் சொன்னது நான்தான் என்று பரிசல்காரர் மாதிரி அவரும் கண்டுபிடித்திருப்பார், அதற்குத் தண்டனை இது. அன்று நான் சும்மா இருந்திருந்தால் தில்லை நகரில் படித்திருப்பேன் என்று பல வருடம் நம்பினேன். அந்தத் தாள் காலையிலிருந்து தம்பி கையிலும் பிறகு என் சட்டைப்பையிலும்தான் இருந்தது என்பது அந்தப் புத்திசாலிப் பையனுக்குத் தோன்றவேயில்லை. உன்னை அம்மா தன்னிடமே வைத்துக்கொண்டாள், அதுதான் எனக்குப் பொறாமை என்று தம்பி பின்னாளில் ஒருமுறை சொன்னான். நான் அதை நம்பவில்லை.

தொட்டியத்தில் இறங்கியபோது அம்மா நிறுத்தத்தில் நின்றிருந்தாள். நான் இந்த பஸ்ஸில் வருவேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்றும் நான் கேட்கவில்லை. தம்பிக்காகத்தான் வந்து நிற்கிறாள் என்று நினைத்து, முந்திக்கொண்டு, அவன் வரவில்லை என்றேன். அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“அழுதானா?”

“இல்ல. சித்தி மடியில தூங்கிட்டான்.”

அது உண்மைதான். ஆனாலும் அதை நான் வேண்டுமென்றே சொன்னேன். எனக்கு வலித்த அளவு அவளுக்கும் வலிக்கட்டும் என்று. அவள் முன்னால் நடந்தாள். வீட்டில் எனக்குச் சோறு போட்டாள், தான் சாப்பிடவில்லை. நான் வறுவல் பொட்டலத்தை நீட்டினேன். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சித்தி வீட்டுக்குப் போக ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இலை அறுப்புக்கு ஆள் வேண்டும் என்று எதிர் வீட்டு மாமா இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் விடிந்ததும் அம்மாவே என்னை எழுப்பி அவரோடு அனுப்பினாள். லீவு முடியும்வரை என்றுதான் பேச்சு. ராத்திரி அம்மா துவைத்துப் போட்ட மாற்றுச்சட்டை ஈரமாக இருந்ததால் அருங்காட்சியகத்துக்குப் போட்டுப்போன சட்டையையே போட்டுக்கொண்டேன். முதல் கட்டு இலையைத் தூக்குவதற்குள் அதில் வாழைக்கறை விழுந்துவிட்டது, அது போகாது. தோட்டத்தில் நடக்கும்போது மாமா பொழுதுபோகாமல், “என்னடா, திருச்சியில என்ன பாத்த?” என்று கேட்டார்.

நான் முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தேன். நாணயங்களில் வட்டமில்லாதது, பிடி உடைந்த வாள், செப்பேட்டைக் கொடுத்த ராஜாவின் முழுப்பெயர், ராணியின் இடது கை. ஒன்றைக்கூட விடவில்லை. வரிசை மாறவில்லை. அவர் அரிவாளை ஓட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“எல்லாம் சரியாத்தான் சொல்ற” என்றார். “கட்டைத் தூக்கு.”