மணப்பெண் வானுக்குப் பலகைத் தரை

மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வதுதான் என் தொழில். கொழும்பில் அதைச் செய்த பலரைவிட நான் நன்றாகவே செய்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் எப்போதும் ஒரு கல்யாணப் பெண்ணாவது இருப்பாள். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து குறுகிய லீவில் வருவார், பெண் வடக்கிலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து வருவாள், கொழும்பில் ஏதோ ஒரு கோயிலில் தாலி ஏறும். லொட்ஜ் அறையில் கட்டில் போட்டபின் சேலை விரிக்க இடமிருக்காது. கோயில்களிலோ மணப்பெண் உடுத்துவதற்கென்று தருவது பெரும்பாலும் சாமான் அறைதான். பித்தளை விளக்குகளுக்கும் எண்ணெய்ப் போத்தல்களுக்கும் நடுவில் நின்று நான் எத்தனையோ சேலைகளை மடிப்பு மடிப்பாக எடுத்துக் கொய்யகம் பிடித்திருக்கிறேன்.

அதனால்தான் அந்த வானை வாங்கினோம். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி முன்னொரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே ஓட்டி வந்து, கடைசித் துண்டுக் கடலை மட்டும் கப்பலில் கடந்து, பிறகு திரும்பிப் போக மனமில்லாமலோ காசில்லாமலோ இங்கேயே விற்றுவிட்டுப் போன வான் அது. தெஹிவளையில் ஒரு கராஜின் பின்பக்கத்தில் கோழிகள் அதில் குடியிருந்தன. உள்ளே கட்டில், சின்னக் குசினி, அலுமாரி, யன்னலுக்குத் திரை எல்லாம் இருந்தன. கூரையை உயர்த்திக் கட்டியிருந்தபடியால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மற்றவர்களுக்கு அது ஓட்டை வான். எனக்கு அது சக்கரம் பூட்டிய மணப்பெண் அறை. கட்டிலைக் கழற்றிவிட்டு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பூட்டினேன். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்த என் கணவர் லீவு நாட்களில் அதை ஓட்டினார்.

பிரச்சினை தரையில் இருந்தது. தரை முழுக்க மண்ணிறத்தில் அடர்ந்த கார்ப்பெட். கோழிகள் போனபின்னும் அவற்றின் ஞாபகம் அதில் இருந்தது. அதற்கு மேலே கடல் ஈரம், தேங்காயெண்ணெய், பவுடர், மல்லிகைப்பூத் தண்ணீர். எவ்வளவு கழுவினாலும் காயாது, காய்ந்தால் வேறொரு மணம் வரும். எல்லாவற்றையும்விட மோசம், விழுந்த ஊசி திரும்பக் கிடைக்காது. ஒருநாள் ஒரு பெண்ணின் காலில் கொண்டை ஊசி ஏறி, சேலைக் கரையில் இரத்தம் பட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்காமல் அதைக் கொய்யகத்துக்குள் மடித்து ஒளித்த அன்றைக்கே, இந்தக் கார்ப்பெட் இனி இல்லை என்று முடிவெடுத்தேன்.

"ஒரு வினைல் விரிப்பை வாங்கி மேலை விரிச்சாப் போதுமே. என்னத்துக்கு நீர் இவ்வளவு பாடுபடுறீர்?" என்றார் கணவர்.

"விரிப்பெண்டால் கீழை என்ன கிடக்கெண்டு பாக்க ஆமிக்காரங்கள் கத்தியால வெட்டுவாங்கள். பலகை போடுவம்."

அவர் வினைல் கதையை அதோடு விட்டார். ஏனென்றால் அவருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் காலி வீதியில் வான் ஓட்டுவதென்றால் சோதனைச் சாவடிகளில் மறிபடுவதற்கென்றே ஓட்டுவதுதான். மறித்ததும் கேட்பதற்கு முன்பே நாங்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுவோம். அடையாள அட்டை கையில் இருக்கும். கைப்பையின் சிப் திறந்திருக்கும். நகைப்பெட்டி, பவுடர் டின், பூக்கூடை எல்லாவற்றுக்கும் மூடி கழன்றிருக்கும். கார்ப்பெட்டின் ஒரு மூலையை ஆமிக்காரர்கள் சப்பாத்து நுனியால் தூக்கித் தூக்கி, அந்த மூலை பிறகு தரையில் படியவே மறுத்துவிட்டது.

எனவே நான் ஒரு திட்டம் போட்டேன். தூக்கிப் பார்க்கத்தான் போகிறார்கள் என்றால், தூக்குவதற்கு வசதியாகவே தரையைச் செய்துவிடுவது.

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிவீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் மேல்மாடித் தரைப் பலகைகள் நல்ல தேக்கு. கணவர் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அவற்றை எடுத்துவந்தார். கார்ப்பெட்டை உரித்தபோது பாதி கையோடு வந்தது, மீதி பசையோடு ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, என் தோசைக் கரண்டியால் சுரண்டினேன். அதன்பிறகு அந்தக் கரண்டி குசினிக்குத் திரும்பவில்லை. கீழே இரும்புத் தகடு வரி வரியாக மேடும் பள்ளமுமாக இருந்தது, துரு வேறு. உப்புத்தாளால் தேய்த்து, துருப்பிடிக்காத சிவப்புப் பெயின்ட் இரண்டு தரம் அடித்து, பள்ளங்களில் மரச் சட்டங்களை வைத்தோம். சக்கர மேட்டின் வளைவைப் பழைய பேப்பரில் வெட்டி அளவெடுத்து, அதே அளவில் பலகையை வெட்டினேன். சுவரோரம் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டேன். கடற்காற்றில் பலகை ஊதும், ஊதினால் அதற்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும்.

பலகைகளைத் தனித்தனியே பதிக்காமல், அடியில் குறுக்குச் சட்டம் அடித்து ஆறு துண்டுகளாகச் சேர்த்தேன். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு விரல் நுழையும்படி ஒரு துளை. சிலாம்பு குத்தாமல் இருக்கத் துளையின் விளிம்பையும் தேய்த்து வழவழப்பாக்கினேன். வார்னிஷ் காய்ந்த பிறகு பார்த்தால், எங்கள் வீட்டுத் தரையைவிட வான் தரை அழகாக இருந்தது. ஊசி விழுந்தால் சத்தம் கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. என்னைப்போல யோசிக்க இந்தக் கொழும்பில் ஆளில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் துளைக்குள் இரண்டு விரலை விட்டுத் தூக்கிப் பார்த்து, "ஓம், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்தத் தரையில் நிற்கவிருந்த முதல் பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அவளுடைய தாய்க்குப் பாஸ் கிடைக்கவில்லை, சித்திதான் துணைக்கு வந்திருந்தாள். கல்யாணம் கொட்டாஞ்சேனைக் கோயிலில், முகூர்த்தம் மத்தியானத்துக்கு முன். அடுத்த நல்ல நாள் வருவதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிடும். பிறகு அவர் எப்போது வருவார், இவளுக்கு மறுபடி பாஸ் கிடைக்குமா என்பதெல்லாம் கடவுளுக்குத்தான் தெரியும். லொட்ஜிலேயே தலையையும் முகத்தையும் முடித்துவிட்டேன். மணவறைக்குப் போகும் சேலையைக் கோயில் வாசலில் வானுக்குள் வைத்துக் கட்டுவதாக ஏற்பாடு. பூவும் நெற்றிச்சுட்டியுமாக, உடம்பில் மட்டும் வீட்டில் போடும் நீளப் பருத்திச் சட்டையோடு, அவள் சித்தியின் கையைப் பிடித்தபடி வானில் ஏறினாள்.

பாதி வழியில் மறித்தார்கள். நாங்கள் வழக்கம்போல எல்லாவற்றையும் திறந்து வைத்தோம். உள்ளே ஏறிய ஆமிக்காரன் துவக்கின் அடியால் தரையைத் தட்டினான். வெற்றிடத்தின் சத்தம் வந்தது. நான் பெருமையாக முன்னே வந்து, துளைக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினேன். துணிக்கடைக்காரர் சேலை விரிக்கும்போதுகூட அவ்வளவு பெருமை இருக்காது.

அவன் கீழே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இந்தத் தரை ஏன் திறக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"நீங்கள் பார்ப்பதற்காகத்தான், மல்லி" என்று தம்பி முறை வைத்துச் சொன்னேன்.

"திறக்கிற மாதிரித் தரை செய்யச் சொல்லி நாங்கள் கேட்டோமா?"

என் சிங்களத்தில் குறையில்லை, வாயிலும் குறையில்லை. ஆனாலும் தூக்கிய துண்டைத் திரும்பப் பொருத்தத்தான் குனிந்தேன். அவன் கேட்டது நியாயம். ஒளிக்க ஒன்றுமில்லாத எவர் தன் தரைக்கு மூடி போடுவார்? குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்ட கதை. ஆறு துண்டுகளும் வெளியே வந்தன. மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். ஆமிப் பெரியவர் ஒருவர் வந்து பார்க்கும்வரை வான் நகராது என்றார்கள். கணவரை ஒரு பக்கம் நிறுத்தி விசாரித்தார்கள். பெண்ணின் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயின. யாழ்ப்பாண முகவரியைப் பார்த்த ஒவ்வொருவரும் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வீதியோரத்து மர வாங்கில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் போனவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, நேரம் போகுது. முகூர்த்தம் தப்பினால் அக்காவுக்கு நான் என்ன சொல்லுவன்?" என்று சித்தி என்னிடம் அழத் தொடங்கினாள்.

"தப்பாது. நீங்கள் அழுது அவளையும் அழப் பண்ணாதேங்கோ, கண்மை கரைஞ்சிடும்" என்றேன்.

பெரியவர் எப்போது வந்தாலும், கோயிலுக்குப் போய்ச் சேலை கட்ட இனி நேரமிருக்காது. சுற்றிப் பார்த்தேன். பெண்களைச் சோதிப்பதற்காகத் தகரம் அடித்து, வாசலுக்கு ஒரு துணி தொங்கவிட்ட சிறிய அறை இருந்தது. வாசலில் பெண் பொலிஸ் ஒருத்தி நின்றாள், என் மகள் வயதுதான் இருக்கும்.

"நங்கி, உன்னுடைய அறை எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்" என்று தங்கை முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னேன்.

"என்ன விசர்க்கதை!"

"எப்படியும் நீ இவளை உள்ளே கூப்பிட்டுச் சோதிக்கத்தானே வேண்டும்? அதோடு சேர்த்து நான் சேலையைக் கட்டிவிடுகிறேன். நீ நின்று பார்."

அவள் வாங்கில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். பிறகு திரைத் துணியை ஒதுக்கினாள். உள்ளே வெறும் மண் தரை, முதல்நாள் மழையில் சேறாகியிருந்தது. நான் போய் அடுக்கிலிருந்து இரண்டு பலகைத் துண்டுகளைத் தூக்கினேன். ஆமிக்காரன் வேண்டாமென்று கையைக் காட்டினான். "அது உள்ளே கிடந்தாலும் பலகைதான், ஓடிப்போகாது" என்று சொல்லிவிட்டுக் கொண்டுவந்து சேற்றின் மேல் போட்டேன். பெண்ணை அதன் மேல் ஏற்றினேன்.

அதைவிட நல்ல கொய்யகம் நான் வாழ்க்கையில் பிடித்ததில்லை. கை தானாக ஓடியது. பொலிஸ்காரி முதலில் தகரத்தில் சாய்ந்து நின்றாள். பிறகு ஊக்கு டப்பாவை வாங்கி நீட்டினாள். பிறகு அவளாகவே குனிந்து கரையை இழுத்து நேராக்கினாள். நகைகளைப் போட்டு, வளையல்களை ஏற்றி, ஓர் அடி தள்ளி நின்று பார்த்தேன். அந்தத் தகரக் கூட்டுக்குள் அவ்வளவு அழகான ஒரு பெண் நின்றாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பொலிஸ்காரி தொண்டையைச் செருமினாள். சோதிக்காமல் விடமுடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்திருப்பாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே, பெண் இரண்டு கைகளையும் தோளுக்கு நேரே உயர்த்திவிட்டாள். கால்களைச் சற்று அகட்டி, கண்ணைத் தகரச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். வளையல்கள் எல்லாம் ஒருதரம் குலுங்கி நின்றன. பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. பழகிப் பழகி வந்த ஒரு காரியம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொலிஸ்காரி மேல் அல்ல, பெண் மேல் அல்ல. வழவழப்பாகத் தேய்த்த அந்த ஆறு துளைகளின் மேல். என் கெட்டித்தனம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது இதைத்தானே? இந்தப் பிள்ளை தன் உடம்பையே அப்படிச் செய்து வைத்திருந்தது.

"கையைக் கீழை விடும், பிள்ளை. கேட்டாப் பிறகு தூக்கினாப் போதும்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரத்து வந்தது.

அவள் குழம்பிப்போய்க் கைகளை மெல்லக் கீழே விட்டாள். பொலிஸ்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெண்ணின் தோளில் விரல் நுனியால் தொட்டு, "சரி, போங்கள்" என்று சிங்களத்தில் சொன்னாள்.

பெரியவர் வந்து, வானின் அடித்தகட்டில் இருந்த சிவப்புப் பெயின்டையும் மரச் சட்டங்களையும் பார்த்துவிட்டுக் கையசைத்தார். பலகைகளை வானுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக எறிந்துகொண்டு புறப்பட்டோம். மாப்பிள்ளை மணவறையில் இருந்து வியர்த்துக்கொண்டிருந்தார். ஐயர் எங்களை முறைத்தார். முறைத்தாலும் முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. சித்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

மறுநாள் காலையில் பலகைத் துண்டுகளை அவற்றின் இடத்தில் வைத்து, ஆறு துளைகளையும் மரக்கட்டை வெட்டி அடைத்தேன். பிறகு கணவரின் கடையிலிருந்து வந்ததில் மிக நீளமான ஆணிகளை எடுத்து, ஓரம் ஓரமாக அடித்து இறுக்கினேன். கணவர் வான் வாசலில் தேத்தண்ணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி மறிச்சு, தூக்கிக் காட்டச் சொன்னால் நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டார்.

"தரை எண்டு சொல்லுங்கோ" என்று அடுத்த ஆணியை அடித்தேன்.